இருநூறு கடலை உருண்டைகளும் என் துணிப்பையும்

கல்லூரிப் பக்கமே போகாத நான், வாழ்நாளில் அங்கே போன ஒரே நாளில் திருடி மாட்டிக்கொண்டேன். திருடியது, என் கையால் நானே உருட்டிய கடலை உருண்டைகளை.

என் மகள் மலர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நாற்பது வயதுக்குமேல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் டிப்ளோமா படித்தாள். புள்ளியியல் பாடம் ஒருமுறை காலை வாரிவிட்டது. மறுபடியும் தேறாவிட்டால், அவளுக்குப் பேசி வைத்திருந்த சூப்பர்வைசர் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். மதிப்பெண்ணில் பாதி, வகுப்பில் ஒரு சோதனையைச் செய்துகாட்டுவதற்கு.

"அம்மா, இருநூறு கடலை உருண்ட வேணும். கையால உருட்டுனது."

உருட்டினேன். பாகு சூடாக இருக்கும்போது கை பொறுக்காமல் சின்னதாக விழும். ஆற ஆறப் பெரிதாகும். (நடுவில் போன் வந்தால் எதற்கும் நான் பொறுப்பில்லை.) மலர் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதிப் படம் போட்டாள். கோயில் மணி மாதிரி வந்தது. இருபத்தைந்து கிராம் பக்கம் உருண்டைகள் குவிந்து, இரண்டு ஓரத்திலும் மெலிந்து இறங்கியிருந்தன.

"சராசரி இருபத்தஞ்சு கிராம்," என்றாள்.

"அது எந்த உருண்ட? தனியா எடுத்து வை."

"ஐயோ அம்மா, சராசரிங்கிறது உருண்ட இல்ல!"

சோதனை நாளன்று உருண்டை டின்னைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கொமுட்டர் ரயிலில், என் மடியில் டின் இருக்க, பாடம் தொடர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு எடுத்தா பதினஞ்சு கிராமும் இருக்கலாம், முப்பத்தஞ்சும் இருக்கலாம். பதினாறு எடுத்துச் சராசரி பார்த்தா, சின்னதும் பெருசும் சரிக்கட்டிக்கும். எட்டுக் குரூப்பு எடுத்தாலும் எட்டுச் சராசரியும் இருபத்தஞ்ச ஒட்டியே நிக்கும். இன்னொரு மணி வரும், ஆனா ஒல்லி மணி."

எனக்குப் புரிந்தது. எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. ஆனால் கல்யாணத்துக்கு வேன் வேனாகப் போகும்போது, எந்த வேனிலும் ஒரு கோபக்காரரும் அவரைச் சமாளிக்க ஒரு சாதுவும் இருப்பார்கள். எல்லா வேனும் ஏறக்குறைய ஒரே அளவு சண்டையோடு போய்ச் சேரும்.

புரிந்த பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதே வெட்கம்.

வகுப்பு தொடங்குமுன் மலர் ஏதோ காகிதம் ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். நான் டின்னைத் திறந்து பார்த்தேன். மேலேயே கிடந்தன, கை சுட்டபோது உருட்டியவை. கோணலாக, ஆட்டுப் புழுக்கைக்கு அக்காள் மாதிரி. படித்தவர்கள் கையில் இதுவா போய்ச் சேர வேண்டும்? வந்தவர்களுக்கு நல்லது, கோணல் நமக்கு. எங்கள் வீட்டுச் சட்டம் அது. சின்னதாகப் பார்த்து அறுபதைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மகள் மானத்தைக் காத்துவிட்ட நிம்மதியில் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

எட்டுக் குழுக்கள். ஒவ்வொன்றும் பதினாறு எடுத்து, நிறுத்து, திரும்பப் போட்டுக் குலுக்கியது. மலர் பலகையில் சராசரியை எழுதினாள். இருபத்தேழு. இருபத்தாறரை. இருபத்தெட்டு. எண் ஏற ஏற நான் பூரித்தேன். (ஏலம் என்று நினைப்பு.) எட்டில் ஒன்றுகூட இருபத்தைந்துக்கு இறங்கவில்லை.

விரிவுரையாளர் மேடம் நெற்றியைச் சுருக்கினார். "மலர், இருநூறும் டின்லதான் இருக்கா?"

"இருக்கு மேடம். நானே நிறுத்தேன்." அவள் குரல் உடைந்தது.

நாலு பேர் முன்னால் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. எப்படி எழுந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"இல்லீங்க மேடம். மிச்சம் எங்கிட்ட இருக்கு." பையைத் தூக்கிக் காட்டினேன். "சின்னதா இருந்துச்சு. குடுக்க வெக்கமா இருந்துச்சு."

"ஆன்டி, நம்ம பேக்டரியில தரம் பாக்குற வேலைக்கு வந்துருங்க லா!" என்று ஒரு பையன் கத்தினான். வகுப்பே சிரித்தது.

மலர் சொன்னது ஒரே வார்த்தை. "அம்மா!" பல்லைக் கடித்துக்கொண்டு.

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் ஏன் கூடுதலா வந்துச்சு? மலர், நீங்களே சொல்லுங்க."

மலர் மூச்சை இழுத்துவிட்டாள். என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "பொறுக்கி வச்சதிலேருந்து எடுத்தா, எத்தனை தடவ எடுத்தாலும் ஒரே பக்கமாத்தான் தப்பு வரும். அதிகமா எடுத்தா அந்தத் தப்பு போயிடாது. எல்லா உருண்டைக்கும் கையில வர்றதுக்குச் சம வாய்ப்பு இருக்கணும். கோணலுக்கும்."

பையை டின்னில் கொட்டி மறுபடி எடுத்தார்கள். (ஐம்பத்தெட்டுதான் இருந்தது. இரண்டைப் பதற்றத்தில் தின்றிருந்தேன்.) இருபத்து நாலரை, இருபத்தைந்து, இருபத்தைந்தே கால் என்று வரிசையாக வந்து, ஒல்லி மணி பலகையில் எழுந்து நின்றது.

மலர் தேறினாள். அந்த விளக்கத்துக்குத்தான் அதிக மதிப்பெண்ணாம். சூப்பர்வைசரும் ஆகிவிட்டாள். அதற்காக எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

போன மாதம் கிள்ளானில் என் சர்க்கரை நோய்க்கு டாக்டரைப் பார்க்கப் போனோம். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கீரை, ஓட்ஸ், சீனி போடாத தேநீர் என்று அடக்கமாகச் சொன்னேன்.

பக்கத்திலிருந்த மலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், அவங்க சொன்னது டின்னு. பையில இருக்கறத நான் சொல்றேன், எழுதிக்குங்க."