அய்யா ஓட்டிய சக்கரக் கப்பல்

தனியாக இருக்கிற கிழவி பொய் சொல்லக் கூடாது. நிறுத்துவதற்கு ஆள் இருக்காது. ஊரில் என்றால் நான் வாயைத் திறந்ததுமே பக்கத்து வீட்டுக்காரி, 'அடியே, போதும்' என்று அடக்கியிருப்பாள். இந்த அரபு நாட்டுப் புஜைராவில் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

மகன் முத்துராமனுக்கு எண்ணெய்க் கிடங்கில் டியூட்டி, மருமகளுக்குக் கிளினிக்கில் டியூட்டி. பேத்தி யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் ஏசியும்தான். எங்கள் கட்டடத்து லிப்டில் ஒரு பெண்குரல் இங்கிலீஷில் என்னவோ சொல்லும். குப்பை போடப் போகும்போது அதற்கு நான், 'ஆமாம்மா, சாப்பிட்டாச்சு' என்று பதில் சொல்லியிருக்கிறேன். (சிரிக்காதீர்கள். தினமும் என்னிடம் பேசியது அவள் ஒருத்திதான்.)

அந்தச் சமயத்தில்தான் காதர் மரைக்காயர் வந்தார். கீழக்கரைக்காரர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கயிறு, பெயிண்டு, காய்கறி எல்லாம் சப்ளை செய்கிறவர். அறுபது வயதிருக்கும், குடும்பம் ஊரில். மகனிடம் ஏதோ வேலையாக வந்தவர், சுவரில் மாட்டியிருந்த என் அய்யா படத்தைப் பார்த்ததும் டீ கிளாசோடு எழுந்து அதன் அருகே போனார்.

"ஆத்தா, இது சக்கரக் கப்பல்ல!"

என்னைப் பெற்ற அய்யா இளவயதில் ரங்கூன் போயிருந்தபோது எடுத்த படம் அது. தலைப்பாகையும் கோட்டுமாக நிற்பார். பின்னால் ஆறு. ஆற்றில் ஒரு கப்பல், அதன் விலாவில் பெரிய சக்கரம், மேலே புகை. அவரை ஊரில் தனியே விட மனமில்லாமல் சேலைகளுக்கு நடுவே சுற்றி ஏரோப்பிளேனில் கொண்டுவந்திருந்தேன்.

மரைக்காயருடைய பாட்டனார் பர்மாவில், ஐராவதி ஆற்றில், அந்த மாதிரிக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவராம். அந்தச் சக்கரம் தண்ணீரைத் தள்ளித்தான் கப்பல் நகருமாம். அவற்றில் முக்கால்வாசியை உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்களாம். மிஞ்சியதை இவர் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். கிழிந்த டிக்கெட்டு, பித்தளை ஊதல், கப்பல் பேர் போட்ட பீங்கான் தட்டு, அப்புறம் படங்கள். எல்லாவற்றையும் தமிழ் ஆட்கள் கூடுகிற மண்டபத்தில் ஒரு நாள் பார்வைக்கு வைக்கப் போவதாகச் சொன்னார்.

"உங்க அய்யா கப்பல்லயா வேலை பாத்தாக?"

அய்யா ரங்கூனில் அரிசிக்கடையில் மூட்டை தூக்கினார். அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனுசர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். கிளாசின் அடியில் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

"வேலையா? அந்தக் கப்பலை ஓட்டுனதே எங்க அய்யாதான்" என்றேன்.

"யா அல்லா!" என்று உட்கார்ந்துவிட்டார். நான் இன்னொரு டீ போட்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் தொழுகை முடித்துக் கடையை அடைத்துவிட்டு வருவார். போனை என் முன்னால் வைத்து, "சொல்லுங்க ஆத்தா" என்பார். என் குரலை அது பிடித்து வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் என் முன்னால் இருந்து போனை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். இவர் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் முதல் நாளே பணியாரத்துக்கு ஊறப்போட்டு, கதையையும் ஊறப்போட்டு வைப்பேன்.

முதலில் அய்யா வெறுமனே கப்பல் ஓட்டினார். பிறகு புயல் வந்தது. பிறகு ஒரு துரைசானி ஆற்றில் விழுந்தாள், அய்யா தலைப்பாகையை அவிழ்த்து வீசி அவளைத் தூக்கிக் கரைசேர்த்தார். கடைசியில் முதலையும் வந்து சேர்ந்தது.

"முதல எம்புட்டு நீளம் ஆத்தா?"

"அளந்தா பாக்க முடியும்? வாய் மட்டும் இந்தச் சோபா நீளம்."

கண்காட்சிக்காக அய்யாவைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுபோய், கதவு அளவுக்குப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டினார். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். (அந்த வெயிலில். புத்தி வேண்டாம்?) கட்டட சைட்டிலிருந்தும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்தும் பையன்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு என் முகம் தெரிய வேண்டும் என்று படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"இந்தக் கப்பல் பொறப்பட்டா கரையே ஆடும். எங்க அய்யா மட்டும் ஆடாம இப்புடித்தான் நிப்பாரு!"

சிரித்தார்கள். என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். இன்னும் சிரித்தார்கள். யாழினி வந்து முந்தானையை இழுத்தாள்.

"அப்பத்தா, திரும்பிப் பாருங்க. ரிவர்ல மடிப்பு இருக்கு."

"ஆறு எப்புடிடி மடியும்?"

திரும்பினேன். ஆறு மடிந்துதான் இருந்தது. அது ஆறு வரைந்த துணி. சட்டத்தின் மரம் இத்தனை வருசமாக மறைத்திருந்த கீழ்ப்பகுதி, அய்யாவின் கணுக்காலுக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. துணி அங்கே முடிந்து செங்கல் தரை ஆரம்பித்தது. ஓரத்தில் ஸ்டூடியோக்காரனின் வாளி.

"பாட்டி, முதல அந்த வாளிக்குள்ளதான் இருக்கா?" என்றான் ஒரு கேம்ப் பையன்.

மரைக்காயர் ஓடிவந்தார். "சிரிக்கிறவன் சிரிக்கட்டும் ஆத்தா. திரைன்னு எனக்கு மொதல்லயே தெரியும். உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்! வரஞ்சவன் நெசக் கப்பலைப் பாத்து வரஞ்சிருக்கான், அதுக்காகத்தான் பெருசாப் போட்டேன். கப்பல்காரவுகளும் ஸ்டூடியோவுலதான் படம் எடுப்பாக. அய்யா கதை நெசந்தானே, அது போதும். எம் பாட்டனைப் பத்தி எனக்கு ஒரு பேச்சுக்கூடக் கெடைக்கல. உங்க குரல்தான் இங்க இருக்கறதுலயே பெரிய சொத்து."

தப்பிக்க வழி திறந்துதான் இருந்தது. ஆனால் மேசையில் பித்தளை ஊதலுக்குப் பக்கத்தில் அவருடைய போன் இருந்தது. அதன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு ஒருவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். முதலை வந்துவிட்டது போலிருக்கிறது.

"மரைக்காயரே, அந்தப் போனை நிறுத்துங்க" என்றேன். "எங்க அய்யா கப்பல் ஓட்டல. மூட்டதான் தூக்குனாரு."

அவர் என்னையே பார்த்தார். வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அந்தப் பார்வையில் கரைந்து போயின.

"கப்பல்ல ஏறுனதாவது நெசமா ஆத்தா?"

"ஏறுனாரு. ஏறுனதுலேர்ந்து எறங்குற வரைக்கும் வாந்தி. அதுக்கப்புறம் பஸ்ஸுல போனாக்கூட மடியில ஏனம் வச்சுக்குவாரு."

"அப்ப அந்த வாளி..." என்றான் கேம்ப் பையன்.

மண்டபமே அதிர்ந்தது. முத்துராமன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மரைக்காயரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனை என் முன்னால் வைத்து, "இதச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். உண்மை ரொம்பச் சின்னது. அய்யா ஏறினார், வாந்தி எடுத்தார், இறங்கினார். அதுதான் இப்போது அவருடைய சேகரிப்பில், டிக்கெட்டுக்கும் பீங்கான் தட்டுக்கும் துணையாக, என் குரலில் பத்திரமாக இருக்கிறது. துரைசானி போனிலிருந்து அழிந்துபோனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் பணியாரத்துக்கு ஊறப்போட்டேன். அவர் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. பெருநாளைக்கு டிரைவர் கையில் பிரியாணி கொடுத்தனுப்பினார். கேட்பதற்குக் கதை இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் மட்டும் அது தீரவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றால், "இது நெசமா அப்பத்தா, கப்பலா?" என்கிறாள் யாழினி. எப்போதாவது விருந்தாளி வந்தால் முத்துராமன் சோபாவில் சாய்ந்துகொண்டு அந்த மண்டபத்துக் கதையை ஆரம்பித்துவிடுவான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். யாழினி காதில் உள்ளதைக் கழற்றுவாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கௌரவமாக, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன். அவன் முடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், "அப்புடி இல்லடா, நீ தப்புத் தப்பாச் சொல்ற. மொதல்லேருந்து சொல்லு" என்பேன்.