செம்பரம்பாக்கத்து மனையும் செத்துப்போன கன்னியம்மாவும்

ஆவடி,
18.7.1992

அன்புள்ள தம்பி ரகுநாதனுக்கு, அண்ணன் கஜபதி எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீயும் லோகநாயகியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அண்ணி பார்வதமும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பது இதைப் படித்து முடித்தால் உனக்கே தெரிந்துவிடும்.

செம்பரம்பாக்கம் பக்கத்து மனையின் பத்திரங்களைப் பார்த்துச் சொல்ல இத்தனை நாளா என்று போன கடிதத்தில் கோபித்துக்கொண்டிருந்தாய். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு இங்கே மண் வாங்குகிறவனுக்கு அவசரம் இருக்கத்தான் செய்யும். அந்த வெயிலில் காய்ந்து சேர்த்தது, ஊர் திரும்பும்போது சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்கிறாய், எனக்குத் தெரியாதா? ஆனால் பார்க்கிறவன் யார்? டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். அளவு பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். உன் அண்ணிகூட, "நம்ம கல்யாணப் பத்திரிகையை நீங்க இவ்ளோ கவனமாப் படிச்சிருந்தா தாலி கட்ட நேரத்துக்கு வந்திருப்பீங்க" என்றாள்.

நிலம் நாகப்பன் என்பவருடையது. அவர் காலமாகிவிட்டார். மகன் ஜம்புலிங்கம்தான் இப்போது விற்கிறான். மகள் கன்னியம்மா வாரிசில்லாமல் இறந்துவிட்டாள் என்று சான்றில் தேதியோடு இருந்தது. பூந்தமல்லி வக்கீல் கங்காதரனும் பார்த்துவிட்டு, "சுத்தமான பேப்பர் சார், தைரியமா அட்வான்ஸ் குடுங்க" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன தொழில் புத்தி விடுகிறதா? நான்கு எல்லையையும் ஒரு தடவை அளந்துவிடுவோம் என்று குடையும் டேப்புமாகக் கிளம்பி, பூந்தமல்லியில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்று, அது வந்ததும் ஒரு கருவாட்டுக் கூடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நசுங்கி, கண்டக்டர் சொன்ன இடத்தில் இறங்காமல் எனக்குத் தெரியாதா என்று அதற்கடுத்த இடத்தில் இறங்கி, வந்த வழியே வெயிலில் நடந்து மனைக்குப் போய்ச் சேர்ந்தால், உள்ளே ஒரு அம்மாள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று அவளையே கூப்பிட்டேன். வந்து பிடித்துக்கொண்டாள். மறுமுனையோடு நான் பின்பக்கமாகவே நடந்து வாய்க்காலில் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய ஆடு வில்லங்கச் சான்றின் நகலைத் தின்றுவிட்டது. அசல் வீட்டில் இருக்கிறது, பயப்படாதே.

கைகொடுத்துத் தூக்கிவிட்டவளிடம், இது நாகப்பன் நிலம்தானே என்று கேட்டேன்.

"ஆமா சார். எங்கப்பாருதுதான்."

அப்போதும் என் மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை. "அவருக்கு ஒரே பொண்ணு, அதுவும் போய்ச் சேர்ந்துடுச்சாமே, பாவம்" என்று அவளிடமே துக்கம் விசாரித்தேன்.

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "யாரு, கன்னியம்மாவா?"

"அந்தப் பேருதான் போட்டிருக்கு."

"நான்தான் சார் அது. எப்ப செத்தேன்னு போட்டுகீது?"

பையிலிருந்த வாரிசுச் சான்று நகலை எடுத்துத் தேதியைப் படித்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அந்த வர்சம்தான் எங்க ஊட்டுக்காரரோட போனேன்" என்றாள். கல்குவாரியில் வேலை செய்தவனாம், வேற சாதியாம். அவனும் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏரிக்கரை ஓரம் குடிசை போட்டு, ஆடு மேய்த்துப் பிழைக்கிறாள். அப்பன் நிலத்துப் புல்லை அறுத்தால் எவன் கேட்பான் என்றுதான் இங்கே வருகிறாளாம். அவள் அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் பாசாங்கு செய்தேன்.

நேரே ஜம்புலிங்கம் வீட்டுக்குப் போனேன். சட்டையெல்லாம் சேறு. அவன் மரியாதையாக நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, நான் கேட்டதைக் கேட்டுவிட்டு என்னைத்தான் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இன்னா சார் பேசற? அவ ஓடிப்போன அன்னிக்கே எங்கப்பாரு தல முழுகிட்டாரு. மொட்ட போட்டுகினு, கருமாதி பண்ணி, தெருவுக்கே சோறு போட்டோம். துன்னவங்க அத்தினி பேரும் உசுரோடதான் கீறாங்க, போய்க் கேட்டுப் பாரு."

"அவளும் உசுரோடதானேப்பா இருக்கா?"

"அது அவ இஷ்டம் சார்."

பொய் சொல்கிற முகமாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன். அவன் மனசறிந்து பொய் சொல்லவில்லை, ரகு. அவனுக்கு அக்கா செத்தவள்தான். வாரிசு விசாரிக்க வந்தவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறான், கருமாதிச் சோறு தின்ற ஊரும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறது.

வக்கீலிடம் திரும்ப ஓடினேன். அவர் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டு, "செத்திருந்தா லேசு சார். உயிரோட இருக்கறதால, பங்கை விட்டுக்குடுக்கறேன்னு அவங்ககிட்ட விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கணும்" என்றார். இதற்குப் பீஸ் வேறு. வீட்டில் வந்து சொன்னேன். உன் அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு புல்லறுக்கற இடத்துலயா நம்ம லோகு கோலம் போடணும்? வேணாம்னு எழுதிடுங்க" என்றாள்.

ஆகையால் தம்பி, இந்த மனை நமக்கு வேண்டாம். உயிரோடு இருக்கிற ஒருத்தியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு வாங்குகிற மண்ணில் உனக்குத் தூக்கம் வராது, உனக்கு வந்தாலும் எனக்கு வராது. வேலப்பன்சாவடிப் பக்கம் வேறு இடம் பார்க்கிறேன். அதற்கும் இதே மாதிரிதான் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் லோகநாயகிக்கும் எங்கள் ஆசீர்வாதம். குழந்தைகளுக்கு அண்ணி முத்தம் சொல்லச் சொன்னாள். வெயிலில் தொப்பியில்லாமல் நடக்காதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்
கஜபதி

பின்குறிப்பு: ஒட்டியும் தபாலில் சேர்க்காமல் நாலைந்து நாளாக வைத்திருந்த உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். வக்கீல் சொன்ன யோசனையைக் கேட்டுக்கொண்டு ஜம்புலிங்கம் ஏரிக்கரைக் குடிசைக்கே போய்விட்டானாம். நேற்று சார்பதிவாளர் அலுவலகத்தில் என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். கன்னியம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இது உன் பங்கும்மா, ஒண்ணும் வாங்காம எழுதிக் குடுக்கறியே, யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"வாசப்படி ஏறி வந்து 'யக்கா'ன்னான் சார். அதுக்கப்றம் இன்னா யோசிக்கறது? பங்க வெச்சிகினு நான் எங்க போறது? நல்லது கெட்டதுக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு வோணும்ல?"

கைநாட்டு வைப்பதற்கு முன் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். "நாகப்பனின் மகளும் ஜம்புலிங்கத்தின் உடன்பிறந்த சகோதரியுமான கன்னியம்மா ஆகிய நான்" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். அதையும் படித்தேன். பிறகு வைத்தாள்.

ரிஜிஸ்தர் ஆனதும் ஜம்புலிங்கம் என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அவள் பஸ் வரைக்கும் பின்னாலேயே போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான்தான் அவளைக் குடிசையில் கொண்டுபோய் விட்டேன்.

இப்போது பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை, ரகு. வக்கீலும் சொல்லிவிட்டார். வாங்கிக்கொள்.