ஸ்ரேறிங் அண்ணையும் அவரின்ரை வெருளியும்

கள்ளனுக்குப் பயந்து காரின்ரை ஸ்ரேறிங்கைக் கழட்டிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போன ஒரே மனிசன், இந்த உலகத்திலையே எங்கடை ஒழுங்கை ஸ்ரேறிங் அண்ணைதான். சொந்தப் பேர் ஒண்டு இருக்கு. அது வாக்காளர் இடாப்புக்கு மட்டும்.

ஆளுக்கு மனிசி பிள்ளையள் இல்லை. ஒரு பழைய ஒஸ்ரின் கார்தான். சண்டைக்குப் பயந்து இணுவிலை விட்டு இடம்பெயர்ந்த நேரம் எங்கடை ஒழுங்கைச் சனத்திலை பாதியை அதிலைதான் ஏத்திக்கொண்டு போனவர். தனிச்ச பொம்பிளை நானும் என்ரை மறியாடும் பின்சீற். ஆட்டுக்கு யன்னல்கரை குடுத்தவர், எனக்கு நடு.

இப்ப வெளிநாட்டிலை இருந்து வாற எங்கடை சனம் கலியாணத்துக்குப் பழைய கார் தேடி அலையுது. கரவெட்டியிலை ஒரு கார் பட்டப்பகலிலை களவு போச்செண்டு கேட்ட நாள் தொட்டு அண்ணை ஸ்ரேறிங்கைக் கையை விட்டு இறக்கேல்லை. கோயிலுக்கும் தோளிலை கொழுவிக்கொண்டுதான் போவார். ஐயர் அதுக்கும் திருநீறு பூசிவிட்டவர்.

அதுவும் காணாதெண்டு தோட்டத்து வெருளியைக் கொண்டுவந்து டிரைவர் சீற்றிலை இருத்தினார். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, அண்ணையின்ரை சேட்டு, தொப்பி. ஸ்ரேறிங் இருந்த இடத்திலை ஒரு சைக்கிள் றிம்மைக் கட்டிவிட்டார். ஆள் இருக்குதெண்டு கள்ளன் கிட்ட வரமாட்டானாம். கள்ளனை விடுங்கோ, நான் ரெண்டு நாள் அதோடை கதைச்சுப்போட்டு, மறுமொழி இல்லையெண்டு கோவிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

தேர் அண்டைக்கு ஒழுங்கை முழுக்கக் கோயிலிலை. எனக்கு முழங்கால் நோ. முற்றத்திலை இருந்து வெங்காயம் உரிக்கிறன், ஒரு லான்ட்மாஸ்ரர், அந்த ரெண்டு சில்லு உழவு மெசின், அண்ணையின்ரை காரைக் கயித்திலை கட்டி இழுத்துக்கொண்டு வருது. டிரைவர் சீற்றிலை தொப்பியோடை அண்ணை, பக்கத்திலை ஆரோ ஒரு ஆள். வெருளி கார் ஓடாதுதானே, அண்ணைதான் திருத்தக் கொண்டு போறாரெண்டு முடிவெடுத்தன்.

"அண்ணை, வரேக்கை வெத்திலை வாங்கிக்கொண்டு வாங்கோ" எண்டன்.

எங்கடை வீடு ஒழுங்கை திரும்பிற முடக்கிலை. பக்கத்திலை இருந்தவன் எட்டி றிம்மைத் திருப்பினான். றிம் கழண்டு அவன்ரை மடியிலை விழுந்துது. கார் திரும்பாமல் நேராய் வந்து என்ரை தென்னோலைக் கிடுகு வேலியைப் பிரிச்சுக்கொண்டு வாழையடியிலை நிண்டுது. காரிலை வந்தவன் குதிச்சு ஓட, லான்ட்மாஸ்ரர் ஓட்டினவன் கயித்தை வெட்டிப்போட்டுப் பறந்தான். லான்ட்மாஸ்ரர் அந்த ஓட்டம் ஓடி நான் காணேல்லை.

அண்ணை மட்டும் அசையேல்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடிச்சு உலுப்பினன். தலை கையோடை வந்திட்டுது.

நான் போட்ட சத்தத்துக்குக் கோயில் சனமே வந்திட்டுது. முன்னுக்கு உண்மையான அண்ணை, தோளிலை ஸ்ரேறிங். நான் நடந்ததைச் சொல்ல, காரைச் சுத்தித் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னட்டைத் திரும்பினார்.

"என்ன பிள்ளை, என்னைக் கடத்திக்கொண்டு போறாங்கள், நீ வெத்திலைக்குச் சொல்லி விட்டனியோ?"

"நீங்கள்தான் வாய் திறக்கேல்லையே அண்ணை."

வேலியை அடைக்க அண்டைக்கே கிடுகோடை வந்தவர். நான் விடேல்லை. ஆடு வந்து வாழையைத் தின்னுது, தின்னட்டும். கார் வந்த அந்த வழியாலைதான் அண்ணை இப்ப பின்னேரத் தேத்தண்ணிக்கு வாறவர். ஸ்ரேறிங்கைக் கொழுவ விறாந்தைச் சுவரிலை ஒரு ஆணி அடிச்சு வைச்சிருக்கிறன்.