யாருக்கும் தெரியாத ஊர்

வலசை போகும் பறவைகளைப் பற்றி உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வலசை போகும் பல் டாக்டரைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அழகான சின்ன ஊர் தேடிப் புறப்படுகிற இனம் இது. வக்கீல்களிலும் உண்டு, வங்கி அதிகாரிகளிலும் உண்டு. நம் கையில் சிக்கியவர் பல் டாக்டர்.

சொந்த வீட்டில் வருகிற கிறிஸ்துமஸை இந்த இனம் கணக்கிலேயே சேர்க்காது. குறுகலான தெரு வேண்டும், சரிந்த கூரை வேண்டும், ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு வேண்டும், ரொட்டிக்கடைக்காரர் வாய் நிறைய விசாரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியூர்க்காரன் ஒருவனும் அங்கே எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. அப்படியானால் இவர் மட்டும் யார்? வெளியூர்க்காரர் இல்லை, ரசிகர்!

கண்டுபிடித்த ஊரை ரகசியமாகத்தான் வைத்திருப்பார். எப்படி? நோயாளியின் வாய்க்குள் இரண்டு பஞ்சுருண்டையையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் வைத்துவிட்டு, "ஒரு ஊர் இருக்கு சார், ஈ காக்காய்க்குத் தெரியாது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று ஆரம்பிப்பார். ஒரு நாளைக்குப் பதினாறு பேர். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத சாதுக்களுக்கும் அப்போது கடித்தால் என்ன என்று தோன்றும். அடுத்த வருஷம் அந்த ஊரில் கார் நிறுத்த இடம் இருக்காது. "கெடுத்துட்டாங்க!" என்று பொருமிவிட்டு டாக்டர் வேறு ஊர் பார்ப்பார்.

இந்த வருஷம் வீட்டில் ஒரு சிக்கல். மூன்று வருஷம் பின்வரிசையில் நின்று வாயசைத்த பத்து வயது மகளுக்கு, உள்ளூர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் அன்று தனியாகப் பாட வாய்ப்புக் கிடைத்திருந்தது.

"இந்த ஒரு தடவை இங்கேயே இருப்போங்க," என்றாள் மனைவி. "பிள்ளை ரெண்டு மாசமா குளிக்கும்போதுகூட அதையேதான் பாடுது."

"பாட்டு எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் பாடட்டும். நான் இப்ப கண்டுபிடிச்சு வச்சிருக்கற ஊரு அடுத்த வருஷம் இப்படி இருக்காது."

குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. காரின் பின்சீட்டில் ஆறு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அவளுக்கும் சேர்த்து டாக்டரே பேசினார்.

போய்ச் சேர்ந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அழகான ஊர்தான். வாடகைக்குப் பிடித்த வீட்டின் சொந்தக்காரம்மா பெட்டியும் கையுமாக வாசலில் நின்று சாவியை நீட்டினார்.

"பண்டிகைக்கு நீங்க இங்க இருக்கலையா?" என்று கேட்டார் டாக்டர்.

"இங்க என்ன இருக்கு? நாங்க வேற ஒரு சின்ன ஊருக்குப் போறோம். யாருக்கும் தெரியாது. நல்லவரா இருக்கீங்க, உங்களுக்கு மட்டும் காட்டறேன்," என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

வளைந்து இறங்கும் தெரு. மஞ்சள் வெளிச்சத்தில் சர்ச். பக்கத்தில் பெரிய பல் வரைந்த பழைய பலகை. டாக்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அடடா! அந்தப் பல்லைப் பாருங்களேன்! எந்தப் பக்கம்மா இது? இதை எப்படி நான் கோட்டை விட்டேன்?"

"அப்பா, அது உங்க கிளினிக்," என்றாள் மகள்.

வீட்டுக்காரம்மா கவனிக்கவில்லை. "நாளைக்கு அங்க ஒரு சின்னப் பொண்ணு தனியாப் பாடுதாம். அதைக் கேக்கணும்னுதான் அவசரமாக் கிளம்பறோம்."

மனைவி இறக்கி வைத்த பெட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"பாட்டு வாத்தியார்கிட்ட, வர மாட்டோம்னு நான் இன்னும் சொல்லலை," என்றாள் கணவனிடம். பிறகு திரும்பி, "உங்க கார்ல ரெண்டு பேருக்கு இடம் இருக்குமாம்மா?"

இருந்தது. மகள் முதல் ஆளாக ஏறினாள். வெளியூர்க்காரன் ஒருவனும் இல்லாத தெருவில் டாக்டர் சாவியோடு தனியாக நின்றார். தானும் பின்னாலேயே போகலாமா, போனால் மானம் போகுமா என்று அவருக்குள் பெரிய பட்டிமன்றமே நடந்தது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, உங்கள் எதிர்வீட்டுக் கதவு என்ன நிறம் என்றும் சொல்லிவிடுங்கள். ஊஹூம், எழுந்து ஜன்னல் பக்கம் போகக் கூடாது.