மேல்பூச்சு

மீன் தவாவை விட்டு வரமாட்டேன் என்றது.

பெயிண்டர் கரண்டியை அடியில் கொடுத்து நெம்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி இன்று வீடு திரும்புகிறாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும், அங்கே சாப்பாட்டைத் தொட்டதும் தொடாததுமாகத் தள்ளிவிட்டாள். "சாப்பிட்டாத்தான் உடம்பு தேறும். எண்ணெய் குறைச்சு, லேசா குடுங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு நம்ம வீட்டு மீன் இருந்தா ரெண்டு வாய் இறங்கும்" என்றாள் அவள்.

"நான் செஞ்சு வைக்கிறேன்" என்று இவர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அடுப்படியில் அவர் செய்த ஒரே வேலை, சுவருக்குப் பெயிண்ட் அடித்தது.

அவள் மீன் சாமானியப்பட்டதா? லேசாகச் சிவந்த மீன்மேல் தக்காளி, வெங்காயம், குடைமிளகாய் வதக்கிப் பரப்பியிருப்பாள். வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் அவர் அதைச் சொல்லாமல் வரமாட்டார். "ஃபினிஷிங்னா அதுதாங்க ஃபினிஷிங்!"

எண்ணெய் குறைவாக இருக்கவேண்டுமே என்று, பிரஷ்ஷால் தவாவுக்கு ஒரே ஒரு கோட் கொடுத்திருந்தார். புது பிரஷ்தான், தப்பாக நினைக்கவேண்டாம்.

போன் அடித்தது. மச்சினி.

"மாமா, கிளம்பிட்டோம். மீன் எப்படி வருது?"

"ஜோரா வருது."

"போனை அக்காகிட்ட குடுக்கவா?"

"வேணாம் வேணாம், அவ களைச்சிருப்பா."

போனை வைத்துவிட்டு, சுவருக்குப் பட்டி பூசுகிற தகட்டைக் கழுவி எடுத்துவந்தார். ஒரே தள்ளு. தோல் தவாவிலேயே தங்கிவிட, மீன் நாலு துண்டாக வந்தது.

விரிசல் விட்ட சுவர் எத்தனை பார்த்திருக்கிறார்! மூடினால் தீர்ந்தது. காய்களை நறுக்கி அப்படியே மேலே கொட்டினார். தக்காளி தண்ணீர் விட்டது. நாலு துண்டு பத்தாயிற்று. ஈரம் காயட்டும் என்று தீயைக் கூட்டினார், அடி பிடித்தது. கருகல் வாசனைக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தார். புளிப்பு தூக்கலாகிவிட்டதே என்று உப்பு போட்டார். உப்பு கரித்ததும், வீட்டிலிருந்த இரண்டு கேரட்டையும் துருவி மேலே தூவி, தகட்டால் மட்டம் தட்டினார். பார்வைக்கு ஒரு குறை சொல்லமுடியாது. உள்ளே நடந்திருப்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

வாசல் மணி அடித்தது.

மனைவி தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அவர் தட்டை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் விரலால் காயை ஒதுக்கினாள். அடியில் மீன் உதிரி உதிரியாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்சு போச்சு" என்றார் அவர். "தெரியக் கூடாதுன்னு மேல காயைப் போட்டு மூடிட்டேன். உன்னை ஏமாத்தப் பார்த்தேன். நீ இன்னிக்கு நல்லா சாப்பிடணும், எனக்கு அது ஒண்ணு போதும்னு..."

மனைவி அவரைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வாய் சாப்பிட்டாள். உப்புக்கு முகத்தைச் சுளித்துவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள். தட்டில் பாதி காலியாயிற்று.

"சாப்பிடு, சந்தோஷம். ஆனா இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் அவர், பரிதாபமாக.

"இன்னுமா மறைக்கணும்? சொல்லிடவா அக்கா?" என்றாள் மச்சினி.

வாய் நிறைய மீனோடு அக்கா தலையாட்டினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து அக்காவுக்கு ஒரு தடவைகூட மீன் உடையாம வந்ததில்ல மாமா. பின்ன எதுக்கு மேல காய் பரப்புறான்னு நினைச்சீங்க?"