புத்தகக் குடிலில் மிஞ்சிய ஒன்று

மார்ச் மாதம் மூன்றாம் திங்கட்கிழமைக்குள் தன் பெண்டாட்டி ஆர்லிஸைத் தன் புத்தகத்தைப் படிக்க வைத்தே தீருவது என்று வெர்லின் ஹாக்லண்ட் சபதம் எடுத்தார். எடுத்த இடம் கார் ஷெட். சாட்சி, விறைத்துக் கிடந்த இரண்டு மீன்கள். வீட்டுக்குள்ளே நின்று சபதம் எடுக்கிற தைரியம் அவருக்கு என்றைக்கு இருந்தது?

அமெரிக்காவின் வடகோடியில், மினசோட்டாவில் முப்பத்தொரு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஆள் உயரப் பனியை ஒரே மூச்சில் ஒதுக்கியிருக்கிறார். ஆர்லிஸை ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை. ஓய்வு பெற்றதும் அந்த முப்பத்தொரு வருஷத்தை மூன்று நோட்டுகளில் எழுதி, பக்கத்து ஊர் அச்சகத்தில் கொடுத்து, ஐம்பது பிரதி போட்டார். பெட்டி வந்து இறங்கிய அன்று ஆர்லிஸ் கேட்டாள்.

“நான் படிக்கட்டுமா?”

“அதுல ஒண்ணும் இல்ல, விடு.”

“திறந்துதான் காட்டுங்களேன், ஒரு புரட்டு புரட்டறேன்.”

“உனக்கு வேற வேலை இல்லையா?”

அந்தப் பக்கத்து ஜனங்களிடம் எதை நீட்டினாலும் இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். காப்பியானாலும் சரி, கல்யாணமானாலும் சரி. மூன்றாவது தடவை கேட்டால்தான் “சரி, உங்களுக்காக” என்று கை நீட்டுவார்கள். வெர்லின் மூன்றாவது கேள்விக்காக வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். ஆர்லிஸ் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மறுநாளும் கேட்கவில்லை. எட்டு மாதமாகக் கேட்கவில்லை. பெட்டி ஷெட்டுக்குப் போனது.

இவராகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்பீர்கள். தேயாது. ஆனால் ஒன்பதாம் அத்தியாயம் என்று ஒன்று இருக்கிறதே, அதில் பெரித் இருந்தாள்.

பெரித் அவர்களுடைய ஒரே மகள். ரத்தப் புற்று அவளைப் பத்தொன்பது வயதில் கொண்டுபோய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பிப்ரவரியில் பனிப்புயல் மாவட்டத்தையே மூடியது. எல்லா டிரைவர்களும் உடனே வர வேண்டும் என்று மேலாளர் கூப்பிட்டார். இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்லின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மகளின் நெற்றியைத் தடவிவிட்டு வண்டி எடுக்கப் போனார். திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரை அவர் சொன்னதில்லை. ஆர்லிஸ் சொன்னால் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார். அந்த ஷெட்டில் ஆணிகள்கூட அளவுவாரியாக அடுக்கியிருக்கும். பதினோரு வருஷமாக அடுக்குகிறாரே, பாவம்.

வாயில் வராதது எப்படியோ எழுத்தில் வந்துவிட்டது. அதை ஆர்லிஸ் படிக்க வேண்டும். ஊர் படித்தால் என்ன, படிக்காவிட்டால் என்ன? அவருக்கு வேண்டியது அந்த ஒரு வாசகி.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வழி பிறந்தது. ஏரி உறைந்ததும் ஊர்க்காரர்கள் அதன் மேல் சின்னச் சின்ன மரக்குடில்களை இழுத்துப்போய் வைத்து, ஐஸில் துளை போட்டு, உள்ளே உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். அரிசோனாவிலிருந்து வந்து குடியேறிய மாரிசோல் என்ற ஓவியப் பெண் அப்படியொரு பழைய குடிலைப் பிடித்து, உள்ளே அலமாரி அடித்து, வெளிச்சுவருக்கு ஊராரையே வண்ணம் பூச வைத்தாள். ஏரியைச் சுற்றி வசிக்கிறவர்கள் எழுதிய புத்தகங்கள் மட்டும் உள்ளே. நகரசபைத் தீர்மானத்தில் அது பொதுக் கலைப்படைப்பு. ஊர் வாயில் புத்தகக் குடில். மார்ச் மூன்றாம் திங்கட்கிழமைக்குள் எல்லாக் குடில்களும் கரையேறிவிட வேண்டும் என்பது சட்டம். கரையேறியதும் இதைப் புத்தகங்களோடு தலைநகரத்துக் கலைக்கூடத்தில் கண்ணாடிக்குள் வைக்கப் போகிறார்கள்.

மொத்தம் பன்னிரண்டு புத்தகம். அதில் ஒன்று வெர்லினுடையது. ஆர்லிஸ் சனிக்கிழமை தவறாமல் போய் ஒன்று எடுத்து வருவாள், ஞாயிற்றுக்கிழமையே திருப்பி வைத்துவிடுவாள். என்றைக்காவது இதுவும் அவள் கைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

“இன்னிக்கு என்ன எடுத்தே?”

“பல் டாக்டரோட கவிதை.”

“அந்தாளுக்குக் கவிதையைப் பத்தி என்ன தெரியும்?”

“எங்க வலிக்கும்னு தெரியும்.”

அடுத்த வாரம் வெர்லின் முன்கூட்டியே போய்த் தன் புத்தகத்தைக் கண்ணுக்கு நேரே உள்ள தட்டில், அட்டை தெரிகிற மாதிரி நிறுத்திவிட்டு வந்தார். ஆர்லிஸ் குனிந்து கீழ்த்தட்டிலிருந்து எடுத்தாள். அதற்கடுத்த வாரம் கீழ்த்தட்டில் வைத்தார். அவள் முக்காலி போட்டு மேல்தட்டில் கை விட்டாள்.

“இது என்ன, ‘வேலி தாண்டிய என் மாடுகள்’? போன மாசமே படிச்சியே!”

“ஆமா. மறுபடியும் தாண்டுதான்னு பார்க்கறேன்.”

“அங்க வேற நல்ல புத்தகமே இல்லையா?”

“இருக்கும். உங்களது கூட ஒண்ணு இருந்துது.”

வெர்லின் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “பார்த்தியா?”

“பார்த்தேன். அட்டை நல்லா இருக்கு. நீங்க படிச்சீங்களா அதை?”

“நான்தானே எழுதினேன்!”

“எழுதினீங்க. படிச்சீங்களான்னு கேட்டேன்.”

“சமைச்ச ஆளு சாப்பிட்டே ஆகணுமா?”

“உப்பாவது பார்க்கணும்ல?” என்று சொல்லிவிட்டு ஆர்லிஸ் மாடுகளோடு சோபாவில் சாய்ந்துகொண்டாள்.

அவர் படிக்கவில்லை என்பது நிஜம். அச்சாகி வந்தபின் ஒரு பிரதியைக்கூடத் திறக்கவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் இருக்கிற புத்தகத்தை அவர் எப்படித் திறப்பார்? எழுதும்போதே நோட்டை இரண்டு தடவை ஷெட் மூலையில் வீசியவர்.

கடைசி வாரம் வந்தது. ஷெட்டில் ஆணிகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தவருக்கு மூளையில் விளக்கெரிந்தது. ஆஹா! மற்ற பதினொன்றும் இல்லாமல் போனால்?

திங்கள் முதல் வெள்ளி வரை, மீன் வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் புத்தகக் குடிலுக்குப் போனார். போகும்போது வாளி காலி. வரும்போது பல் டாக்டர் உள்ளே இருப்பார், அல்லது மாடுகள் இருக்கும். பாதிரியாரின் பிரசங்கத் தொகுப்பு மட்டும் வாளிக்குள் அடங்காமல், கோட்டுக்குள் ஒளிந்து வந்தது. பதினொன்றும் வண்டி சீட்டுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன. வெள்ளிக்கிழமை மதியம் குடிலில் ஒரே புத்தகம், நட்ட நடுவில், ராஜா மாதிரி. வெர்லின் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

சனிக்கிழமை காலையிலிருந்து, எதிரே இருந்த தன் மீன் குடிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். பல் டாக்டர் உள்ளே போனார். வெறுங்கையோடு வந்தார். தையல்காரம்மா போனாள், வெறுங்கையோடு வந்தாள். பாதிரியார் உள்ளே போய் ரொம்ப நேரம் இருந்தார். நம்பிக்கையாக இருந்தது. உள்ளே எரிந்த விறகடுப்பில் குளிர் காய்ந்துவிட்டு அவரும் வெறுங்கையோடு வந்தார். வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனார்.

உள்ளே மாரிசோல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேட்டா வருத்தப்படக் கூடாது. நேத்திலேருந்து இது ஒண்ணுதான் இருக்கு. வர்றவங்க எல்லாரும் பார்க்கறாங்க, பெருமூச்சு விடறாங்க, போயிடறாங்க. புத்தகம் அவ்வளவு மோசமா?”

அப்போதுதான் வெர்லினுக்கு உறைத்தது. அடக் கடவுளே! தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டை இந்த ஊரில் எவன் தொடுவான்? சர்ச் விருந்தில் கடைசி கேக் துண்டை ஒருத்தர் பாதியாக வெட்டுவார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. அப்புறம் அதிலும் பாதி. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு தட்டோடு கழுவுமிடத்துக்குப் போகும். பிறந்ததிலிருந்து அவரும் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருக்கிறார். அரிசோனாக்காரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குமா புத்தி மழுங்கிப் போயிற்று?

கதவு திறந்தது. ஆர்லிஸ் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“அட, ஒண்ணுதான் இருக்கா? யாராவது ஆசைப்படுவாங்க. இருக்கட்டும்” என்று திரும்பினாள்.

“எடு, ஆர்லிஸ்.”

“வேணாங்க, கடைசி ஒண்ணைப் போய் எடுத்துக்கிட்டு...”

“எடுங்கறேன்ல! இன்னும் பதினொண்ணு என் வண்டியில இருக்கு. நான்தான் எடுத்தேன். நீ இதைப் படிக்கணும்னு எடுத்தேன். எடுத்துப் படிச்சுத் தொலையேன்!”

மாரிசோல் கையிலிருந்த டேப்பைக் கீழே போட்டாள். வெர்லின் ஹாக்லண்ட் சத்தம் போட்டு அந்த ஏரியிலேயே யாரும் கேட்டதில்லை.

“எதுக்குப் படிக்கணும்?” என்றாள் ஆர்லிஸ். அவள் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“அதுல... அவ இருக்கா.”

“எவ?”

வெர்லின் அடுப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். எழுந்து போக ஷெட் இல்லை.

“பெரித்” என்றார். “நம்ம பெரித்.”

பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்த வாய். பெயர் வந்துவிட்டது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆர்லிஸ் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அவர் மடியில் வைத்தாள்.

“நூத்திப் பதினெட்டாம் பக்கம். நீங்க வாசிங்க.”

“எனக்கு முடியாது, ஆர்லிஸ்.”

“முடியும். நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

கையுறையைக் கழற்றிவிட்டுப் புரட்டினார். நூற்றுப் பதினேழு அவர் எழுதியது: ‘நான் போனேன். போயிருக்கக் கூடாது. அவள் தனியாகப் போனாள்.’ அத்தோடு அத்தியாயத்தை முடித்ததாக அவருக்கு நினைவு. புரட்டினால் இன்னொரு பக்கம் இருந்தது. தட்டுத் தடுமாறி வாசித்தார்.

‘இந்தப் பக்கத்தை என் கணவர் எழுதவில்லை. அவருக்குத் தெரியாததை அவர் எப்படி எழுதுவார்? அன்று மதியம் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. அதற்குள் பனி தள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு ஒன்று சுழன்றுகொண்டே வந்தது. அறைக் கூரையில் அதன் வெளிச்சம் ஓடியது. போனது, மறுபடி வந்தது. நாலு தடவை. அந்தச் சாலை வேறொரு டிரைவருடையது. பெரித் கண்ணைத் திறந்து, அப்பா கீழேதான் இருக்கார் என்றாள். கட்டிலைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். கடைசித் தடவை விளக்கு வந்தபோது சிரித்தாள். என் மகள் தனியாகப் போகவில்லை. அவள் அப்பா வந்திருந்தார்.’

வெர்லின் அழுதார். பெரிய உடம்பு, அழுகையும் பெரிதாகத்தான் வந்தது. மாரிசோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நன்றாக எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு கட்டை போட்டாள்.

“நான் அந்த ரோட்டுக்கு வந்ததை யார்கிட்டயும் சொல்லலியே. உத்தரவை மீறித்தான் வந்தேன். மேல ஏறி வராம, கீழேயே சுத்திட்டுப் போயிட்டேன்னு... உனக்கு எப்படித் தெரியும்?”

“மாவட்டத்துலேயே ஒவ்வொரு திருப்பத்துலயும் ஹாரன் அடிக்கற டிரைவர் வேற யாரு?”

“இதை எப்போ எழுதினே?”

“உங்க கையெழுத்து அச்சகத்துக்காரருக்குப் புரியல. வீட்டுக்குப் போன் வந்துது. நீங்க மீனுக்குப் போயிருந்தீங்க. மூணு மதியம் நான்தான் போய் வாசிச்சுக் காட்டினேன், முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும்.”

“அப்போ நீ... எல்லாத்தையும் படிச்சுட்டியா?”

“உங்களுக்கு முன்னாடியே.”

“எட்டு மாசமா ஒரு வார்த்தை சொல்லலியே, ஆர்லிஸ்!”

“அவ போன அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க வாசலைத் தாண்டிட்டீங்க. அப்புறம் பேச்செடுத்தாலே ஷெட்டுக்குப் போயிடறீங்க. ஷெட்டுலயே ஒரு பெட்டி புத்தகம் கிடக்கே, என்னைக்காவது ஒண்ணைத் திறக்க மாட்டீங்களான்னு பார்த்தேன். நீங்க என்னடான்னா ஊர் புத்தகத்தையெல்லாம் மீன் வாளியில கடத்தறீங்க. செவ்வாய்க்கிழமையே பல் டாக்டரோட சம்சாரம் வந்து, உங்க வீட்டுக்காரர் வாளியில கவிதை போகுதேன்னு கேட்டா. எனக்கு எங்க முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியல.”

வெர்லின் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆர்லிஸ் அவர் பக்கத்தில் குந்தி, அவர் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. பதினோரு வருஷமாக ஆளுக்கொரு மூலையில் வைத்து அழுத மகளை, அன்றைக்குத்தான் இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதார்கள். வெளியே யாரோ குடிலை இழுக்க டிராக்டரைக் கிளப்பினார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, என்ன இருந்தாலும் எழுத்தாளராயிற்றே, வெர்லினுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“அது சரி, முழுசும் படிச்சியே. உண்மையைச் சொல்லு. புத்தகம் எப்படி?”

ஆர்லிஸ் அவர் மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

“நூத்திப் பதினெட்டாம் பக்கம் பரவாயில்லைங்க. மத்ததெல்லாம் ஒரே பனி.”