அக்ரிலிக் கோலமும் அப்பா சிராத்தமும்

தண்ணீரில் கரைத்த எதுவும் தண்ணீர் விட்டால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டே வகை. ஒன்று, குழந்தைகள். இன்னொன்று, அக்ரிலிக் பெயின்ட் கைக்கு வந்த முதல் வாரத்து ஓவியர்கள். நான் இரண்டாவது வகை. கல்யாணமாகி, உத்தியோகம் பார்த்து, வரி கட்டிக்கொண்டிருந்த வயதில் இந்த லட்சணம்.

எழுபதுகளின் கடைசி. கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நான், மனைவி ஜெயா, என் அம்மா மூவரும் குடியிருந்தோம். எனக்குக் கிடர்பூர் டாக்கில் வேலை. அங்கே ஒரு கப்பல்காரர் ஒரு பெட்டி அக்ரிலிக் ட்யூப்களை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பார்ப்பதற்குப் பற்பசை மாதிரி இருந்தது. அன்றைக்கே நான் ஓவியனாகிவிட்டேன்.

மாடியில் நிர்மல்தா இருந்தார். வாரநாளில் பேங்க் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ஓவியர். அவரிடம் பாடம் கேட்கப் போனேன். "எடுத்த எடுப்பில் முகம், நதி, மரம் என்று போகாதீர்கள் மொஷாய். முதலில் பிரஷ் கைக்கு அடங்க வேண்டும். நீளக் கோடு, வளைவு, புள்ளி. இதையே திரும்பத் திரும்பப் போடுங்கள்" என்று பெங்காலியில் சொன்னார். மேற்கொண்டு என்னவோ சொல்ல ஆரம்பித்தார். நான் அதற்குள் பாதி மாடிப்படி இறங்கியிருந்தேன். (மேதைகளுக்குப் பொறுமை ஏது!)

கோடு, வளைவு, புள்ளி. அட, இது நம் கோலம் அல்லவா! இதற்குக் கான்வாஸ் எதற்கு? எங்கள் வாசலில் அகலமாக ஒரு சிவப்பு சிமென்ட் படி இருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் வெள்ளை ட்யூபைப் பிதுக்கி, தண்ணீர் விட்டுக் கரைத்து, இருட்டுவதற்குள் படி நிறைய ஒரு சிக்குக் கோலம் போட்டு முடித்தேன். கோடு கொஞ்சம்கூட நடுங்கவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏண்டா, நாளைக்கு அப்பா சிராத்தம். வாசல்ல கோலம் இருக்கப்படாதுன்னு தெரியுமோல்லியோ?"

தெரியாமல் என்ன! கோலம் மங்கல காரியத்துக்கு. சிராத்தத்தன்று எல்லாம் முடிகிறவரை வாசல் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். அப்பா போய் மூன்றாவது வருஷம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வீட்டுக்கு வருகிறார் என்பது அம்மாவின் நம்பிக்கை. அதில் ஒரு குறை வந்தால் அவள் தாங்க மாட்டாள்.

"தண்ணியில கரைக்கற பெயின்ட்மா இது. காலம்பற தண்ணி விட்டா போயிடும்" என்றேன். எவ்வளவு அலட்சியமாகச் சொன்னேன் என்பதை ஜெயா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

காலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். கோலம் போகவில்லை. குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று இருந்தது. இன்னொரு வாளி. தேங்காய் நார். புளி. மண்ணெண்ணெய். தேய்க்கத் தேய்க்க அது என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுக்களையில் ஜெயா பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டினாள். கழுவாமல் வைத்த பிரஷ், துடைப்பக் குச்சியாக விறைத்திருந்தது. அப்போதுதான் நாரைக் கீழே போட்டேன்.

சத்தம் கேட்டு நிர்மல்தா இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, பக்கத்து வீட்டு அண்ணிமார், அதாவது பௌதிகள், எல்லோரும். "ஆஹா, என்ன ஆல்பனா! வீட்டில் என்ன விசேஷம்? கல்யாணமா?" என்று, அவர்கள் ஊர் விசேஷக் கோலமாக நினைத்துக் கேட்டபடியே, நான் வாயைத் திறப்பதற்குள், ஒரு பௌதி உற்சாகம் தாங்காமல் குலவையிட்டுவிட்டாள். உலூலூலூ என்று தெருவே அதிர்ந்தது. சிராத்த வீட்டு வாசலில் குலவை! உள்ளே அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

"ஐயோ, என்னடா இதெல்லாம்! இந்தக் கூத்தைப் பார்த்தா அவர் வாசலோட திரும்பிப் போயிடுவாரேடா" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நிர்மல்தா, இதை எப்படி அழிக்கிறது?"

"ஷொர்பொனாஷ்!" என்று தலையில் கை வைத்தார். (குடி முழுகிப் போச்சு என்று அர்த்தம்.) "அக்ரிலிக் ஈரமாக இருக்கும்வரைதான் தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்தால் பிளாஸ்டிக். அதைத்தானே சொல்ல வந்தேன், நீங்கள் எங்கே நின்றீர்கள்! இதில் தப்பை அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கத்தான் முடியும். மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. அவசரப்பட்டு அப்பக் கூடாது."

சிவப்பும் பழுப்பும் கலந்து படியின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். மடி வேட்டியோடு குந்தி உட்கார்ந்து மெல்லிசாக ஒரு பூச்சு பூசினேன். வெள்ளைக் கோலம் ரோஸ் கலர் கோலமாயிற்று. இன்னும் லட்சணம்! தெருமுனையில் வாத்தியார் தலை தெரிந்தது. கூடவே சாப்பிட வரும் இரண்டு பேர். மிச்சமிருந்ததை எல்லாம் பிதுக்கி, தோசை மாவை அப்புகிற மாதிரி அப்பினேன். கோலம் மறைந்தது. அவர்களை நிழலில் நிற்க வைத்து ஊர்க்கதை பேசினேன். பிறகு விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை.

"வாங்கோ, வாங்கோ" என்றேன்.

மேலே காய்ந்திருந்தது பாலாடை மாதிரி ஒரு ஏடு மட்டும். அடியில் அத்தனையும் ஈரம். செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று பேரும் வெறுங்காலை வைத்தார்கள். பச்சக். அது தெரியாமலே உள்ளே நடந்தார்கள். வாசலிலிருந்து கூடம்வரை சிவப்புச் சிவப்பாகக் கால் தடம்.

சிராத்தத்தில் வந்தவர்கள் காலை நான் அலம்ப வேண்டும். அலம்பினேன். சொம்பு சொம்பாக ஊற்றினேன். அதற்குள் காய்ந்து தொலைந்திருந்தது. தண்ணீர் பட்டதும் ஆறு பாதங்களும் பளபளவென்று மின்னின.

வாத்தியார் காலைத் தூக்கிப் பார்த்து அலறினார். "ஏண்டா அம்பி! கால்ல செம்பஞ்சுக் குழம்பு பூசின வங்காளத்துக் கல்யாணப் பொண்ணு மாதிரின்னா ஆக்கிட்டே என்னை! மத்தியானம் இன்னோராத்துக்கு வேற போகணுமேடா!"

செத்தோம் என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "அவர் இருந்திருந்தா வயித்தைப் பிடிச்சிண்டு உருண்டிருப்பாரேடா" என்றாள்.

எல்லாம் முடிந்து, கொல்லையில் காக்காய்க்கு வைத்தேன். வராதோ என்று அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் இலையை விட்டு நகர்வதற்குள் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து, முழுதும் தின்றுவிட்டுத்தான் பறந்தது. "வேடிக்கை பார்க்கவே சீக்கிரம் வந்திருக்கார்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு வாத்தியார் எங்கள் வீட்டு வாசலில் நின்று, "அம்பி, காஞ்சுடுத்தா?" என்று கேட்காமல் படி ஏறியதே இல்லை. சிவப்புப் பூச்சு நாளாவட்டத்தில் தேய்ந்து கோலம் மறுபடி எட்டிப் பார்த்தது. ஒவ்வொரு சிராத்தத்துக்கும் முந்தின வாரமே நான் பிரஷ்ஷோடு உட்கார வேண்டியதாயிற்று. என் ஓவிய வாழ்க்கை அந்தப் படியோடு சரி.

இப்போது வீட்டில் எது போகாவிட்டாலும், சளியானாலும் சரி, விருந்தாளியானாலும் சரி, "தண்ணி விட்டா போயிடும்" என்பதுதான் பேச்சு. போன மாதம் எங்கள் கல்யாண நாளில் பேத்தி ஜெயாவிடம், "தாத்தாவோட இத்தனை வருஷம் எப்படிப் பாட்டி இருந்தே?" என்று கேட்டாள்.

"எங்கப்பா கல்யாணத்தன்னிக்கே தாரை வார்த்துத் தண்ணி விட்டார்டி" என்றாள் ஜெயா. "இவர் எங்கே போனார்? காஞ்சு ஒட்டிண்டுட்டார்."